அரிதினும் அரிதானவற்றுக்குக் கணக்கு எழுதியவர்

வங்கிக் கிளையில் பணியாற்றும் எவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "எல்லாரும் ஒரே நாளில் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்பதே அது. சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர் என் மேசைக்கு எதிரே அமர்ந்து, கணக்குப் புத்தகத்தில் வரவு பதிவாகும்வரை பொழுதுபோக்காக இதைக் கேட்டார். நானும் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே, "அப்படியெல்லாம் நடக்காது, ஐயா" என்றேன். அவர் விடவில்லை. "நடக்காது என்கிறீர்களா, நடப்பது அரிது என்கிறீர்களா? இரண்டும் ஒன்றில்லையே, சார்" என்றார்.

அவர் சொன்னது சரி. இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட கணிதவியலாளர் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. வணிகவியல் பயின்று, வட்டிக் கணக்கோடு கணிதத்தை நிறுத்திக்கொண்டவன் நான். பிற்காலத்தில் கடன் இடர் குறித்த பயிற்சி ஒன்றில்தான் எஸ். ஆர். ஸ்ரீனிவாச வரதன் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

கணித மேதை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் இராமானுஜன். 1912இல் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர் என்பதால், பேரேட்டோடு உறவாடும் நம்மைப் போன்றோருக்கு அவர்மீது தனி வாஞ்சையும் உண்டு. ஆயினும் இராமானுஜனின் புகழ் வெளிச்சத்தில் அவருக்குப் பின்வந்த பலர் பொதுமக்கள் கண்ணுக்குப் படாமலே போய்விட்டனர். வரதன் அவர்களுள் முதன்மையானவர் என்பது என் கருத்து.

அவர் பிறந்தது 1940ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், சென்னையில். தந்தை ரங்க அய்யங்கார் அறிவியல் ஆசிரியர். பின்னர் பொன்னேரி உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். மாற்றலாகும் ஊர்களுக்கெல்லாம் குடும்பத்தையும் கொண்டுசெல்லும் வாழ்க்கை. வங்கி ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொன்னேரிப் பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் விடுமுறை நாள்களில் மாணவர் சிலரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் புதிர்களைப் போலக் கணக்குகளைக் கொடுப்பாராம். மதிப்பெண்ணுக்காக அன்றி, விளையாட்டாகக் கணக்குப் போடலாம் என்பதை அவரிடமே கற்றதாக வரதன் பிற்காலத்தில் நேர்காணல் ஒன்றில் நினைவுகூர்ந்தார்.

இன்டர்மீடியட் முடித்தபின் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். 1959இல் பட்டம் பெற்றதும் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பயணமானார். அப்போது அவருடைய எண்ணம் கணித ஆராய்ச்சி அன்று. தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுக்குப் பயன்படும் புள்ளியியலைக் கற்று, நல்லதொரு வேலையில் அமர்வதே. நாடு ஐந்தாண்டுத் திட்டங்களில் மூழ்கியிருந்த காலம். எஃகு ஆலைகளும் பொறித் தொழிற்சாலைகளும் எழுந்துகொண்டிருந்தன. அந்த வழியில் சென்றிருந்தால் ஏதேனும் ஓர் ஆலையில் திறமையான அதிகாரியாக ஓய்வு பெற்றிருப்பார். சில மாதங்களிலேயே அவ்வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை.

கல்கத்தாக் கிளை ஒன்றில் மூன்றாண்டு பணியாற்றிய காலத்தில் பாரக்பூர் நெடுஞ்சாலை வழியாகப் பலமுறை அந்த நிறுவனத்தைக் கடந்து சென்றிருக்கிறேன். மரங்களும் குளமும் சூழ்ந்த அமைதியான வளாகம். பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் தொடங்கியது. 1960 வாக்கில் அங்கே நிகழ்ந்ததை வியப்பு என்றே சொல்ல வேண்டும். வரதராஜன், ரங்கா ராவ், பார்த்தசாரதி, வரதன் என நான்கு இளைஞர்கள் அங்கே ஒன்றுகூடினர். நிகழ்தகவுக் கோட்பாட்டின் நவீனப் பகுதிகளைக் கற்றுத்தர மூத்தவர்கள் அருகில் இல்லாத நிலையில், புத்தகங்களைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினர். ஒருவர் கரும்பலகையில் எழுத, மற்ற மூவர் குறுக்குக் கேள்வி கேட்பர். பிற்காலத்தில் நால்வருமே உலகறிந்த கணிதவியலாளர் ஆயினர். அவர்களை அரவணைத்து, வேண்டிய உரிமை தந்தவர் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ், வரதனின் ஆய்வு நெறியாளரும் அவரே.

1962இல் அந்நிறுவனத்துக்கு ஒரு விருந்தினர் வந்தார். நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு 1933இல் அடிப்படை விதிகளை வகுத்த சோவியத் கணிதவியலாளர் ஆந்திரே கோல்மொகோரொவ். அவர் முன்னிலையில் தம் ஆய்வேட்டைப் பற்றி உரையாற்றும் வாய்ப்பு 22 வயது வரதனுக்கு அமைந்தது. ஒரு மணி நேரம் என்று குறித்திருந்த உரை நீண்டுகொண்டே போயிற்று. கேட்டோர் நெளியத் தொடங்கினர். உரை முடிந்து கோல்மொகோரொவ் தம் கருத்தைச் சொல்ல எழுந்தபோது, இனியும் பொறுக்க இயலாத சிலர் எழுந்து வெளியேறினர். அவர் சாக்குக் கட்டியை எறிந்துவிட்டு விடுவிடுவென அரங்கை விட்டுப் போய்விட்டாராம். தம் முனைவர் பட்டமும் அவரோடு வெளியேறிவிட்டது என்றே வரதன் நினைத்தார். மாணவர்கள் பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டனர். மாஸ்கோவில் தம் கருத்தரங்குகள் மணிக்கணக்கில் நீள்வது வழக்கமே என்று அவர் சமாதானம் கூறினாராம். ஆய்வேட்டைத் தம்முடன் எடுத்துச் சென்று, பாராட்டி மதிப்பீடும் எழுதி அனுப்பினார். 1963இல் பட்டம் கிடைத்தது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் வரதன் நியூயார்க் நகரின் ஐடில்வைல்டு விமான நிலையத்தில் இறங்கினார். இன்று கென்னடி பெயரைத் தாங்கி நிற்பது அதுவே. அங்கிருந்து பேருந்தில் மன்ஹாட்டன் சென்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவ்விடத்தை அவருக்குப் பரிந்துரைத்தவர் கல்கத்தா நண்பர் வரதராஜன். அந்நாளில் அந்நிறுவனம் இயங்கிய கட்டடம் முன்பு தொப்பித் தொழிற்சாலையாக இருந்தது. அவருக்குக் கிடைத்ததோ சன்னல் இல்லாத ஓர் அறை. அந்த நிறுவனத்தை விட்டு அவர் வேறெங்கும் பணிக்குச் செல்லவில்லை. இரு முறை அதன் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் ஆணை பெறும் எனக்கு இது சற்றுப் பொறாமை தரும் செய்தி.

இனி, அவர் செய்ததுதான் என்ன?

நாணயத்தைச் சுண்டுவதிலிருந்து தொடங்கலாம். 10 முறை சுண்டினால் 6 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தலை விழுவது பெரிய செய்தி அன்று; அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு. 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 1,000 முறை சுண்டி 600 அல்லது அதற்கு மேல் தலை விழ வேண்டுமானால்? விகிதம் அதே 60 விழுக்காடுதான். வாய்ப்போ எழுநூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எண்ணிக்கை கூடக் கூடச் சராசரி தன் இடத்தில் நிலைகொள்ளும் என்பது பழைய விதி. காப்பீடும் வங்கித் தொழிலும் அவ்விதியை நம்பியே கடை விரித்திருக்கின்றன. ஆனால் சராசரியிலிருந்து விலகும் வாய்ப்பு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பது வேறு கேள்வி. அந்தத் தேய்வின் வேகத்தை அளப்பதற்குப் பெருவிலகல் கோட்பாடு என்று பெயர்.

இக்கேள்வி பிறந்ததே காப்பீட்டு அலுவலகத்தில் என்பது நம் வாசகர்க்குச் சுவையாக இருக்கும். சுவீடன் நாட்டின் பிலிப் லுண்ட்பெரி, இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்து ஒரு காப்பீட்டு நிறுவனம் நொடிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று 1903இலேயே ஆராயத் தொடங்கினார். அந்நாட்டவரே ஆன ஹரால்டு கிராமர், கணிதப் பேராசிரியராகவும் காப்பீட்டுக் கணக்கு வல்லுநராகவும் இருந்தவர், 1938இல் அதற்கு ஒரு தேற்றம் தந்தார். பிரீமியம் எவ்வளவு வாங்கினால், கையிருப்பு எவ்வளவு வைத்தால் நிறுவனம் தப்பிக்கும் என்ற நடைமுறைக் கவலையே அதன் வேர்.

கிராமரின் தேற்றம் ஒன்றையொன்று சாராத எண்களின் கூட்டுத்தொகைக்கு மட்டும் பொருந்தியது. உலகம் அவ்வளவு எளிதா? காலப்போக்கில் அலைந்து திரியும் பொருள்கள், ஒன்றோடொன்று மோதும் கோடானுகோடித் துகள்கள், நேற்றைய நிலையைப் பொறுத்து இன்றைய நிலை அமையும் தொடர்கள் ஆகிய அனைத்துக்கும் பொருந்தும் பொது வடிவத்தை வரதன் 1966இல் ஒரு கட்டுரையில் வைத்தார். பின்னர் 1970களில் மன்ரோ டான்ஸ்கர் என்னும் மூத்த கணிதவியலாளருடன் சேர்ந்து அதை ஒரு பெருங்கட்டடமாகவே எழுப்பினார். இயற்பியலில் மின்னணு ஒன்று படிகத்துக்குள் நகரும்போது எழும் 'போலரான்' சிக்கல் ஒன்றுக்குக்கூட இவ்விருவரின் முறையால் 1983இல் விடை கிடைத்தது.

இக்கோட்பாட்டின் உட்கருத்தை, சூத்திரம் அறியாத என்னைப் போன்றோர் இப்படிப் புரிந்துகொள்ளலாம். அரிதான ஒன்று நிகழ்வதற்குப் பல வழிகள் இருக்கும். அவை எல்லாமே அரிதானவை. ஆயினும் அது நிகழ்ந்தே விட்டது என்றால், அவ்வழிகளுள் எது மிகக் குறைந்த அளவு அரிதோ, ஏறத்தாழ உறுதியாக அவ்வழியில்தான் நிகழ்ந்திருக்கும். மற்ற வழிகளைக் கணக்கில் சேர்த்தாலும் தள்ளினாலும் விடை பெரிதாக மாறுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய கோப்பு நினைவுக்கு வந்தது. பணியில் சேர்ந்த தொடக்கத்தில் சிற்றூர்க் கிளை ஒன்றில் இருந்தேன். விசைத்தறி வைத்திருந்த 40 குடும்பங்களுக்குச் சிறு கடன்கள் வழங்கியிருந்தோம். தனித்தனி நபர்கள், தனித்தனிப் பிணையம், தவணை தவறாதவர்கள். 'கடன் பரவலாகப் பகிரப்பட்டுள்ளதால் இடர் குறைவு' என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நானே. நாற்பது பேரும் நெய்த துணியை ஒரே வியாபாரியிடம் கொடுத்துவந்தனர் என்பதைக் கோப்பில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வியாபாரி நொடித்தார். அடுத்த காலாண்டு முடிவதற்குள் 30க்கும் மேற்பட்ட கணக்குகள் தவணை தவறின.

நாற்பது பேரில் முப்பது பேர் தத்தம் காரணங்களால் ஒரே நேரத்தில் தவறுவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால், புள்ளிக்குப் பின் வரும் சுழியங்களை எழுதவே ஒரு வரி வேண்டும். ஒரு வியாபாரி நொடிப்பதோ சாதாரண அரிது. இருபதாண்டில் ஒருமுறை எந்த ஊரிலும் நடப்பது. நான் முதல் வழியைக் கணக்கிட்டு நிம்மதியாக இருந்தேன். நிகழ்ச்சி இரண்டாம் வழியில் வந்தது. நெசவாளர்கள் எவரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஒருவர் தம் மகளின் தோட்டை அடகு வைத்து ஒரு தவணையைக் கட்டிவிட்டுப் போனார். அந்தச் சலானில் கையொப்பமிட்டவனும் நானே.

வரதனின் தேற்றத்தை எந்த வங்கிக் கிளையிலும் எவரும் நாள்தோறும் பயன்படுத்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வங்கிகளின் மூலதனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதிகளுக்குப் பின்னால் இதே சிந்தனை உள்ளது. இடர் எடையிட்ட சொத்துகளில் குறைந்தது 9 விழுக்காடு மூலதனம் வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. பாசெல் நெறிமுறைகளில் கடன் இடரை உள்மதிப்பீட்டு முறையில் அளக்கும் சூத்திரமோ, ஆயிரம் ஆண்டில் ஓர் ஆண்டு வரக்கூடிய இழப்பையும் தாங்க வேண்டும் என்ற அளவில் அமைந்தது. அச்சூத்திரத்தில் கடனாளிகள் எவ்வளவு தூரம் ஒருவரையொருவர் சார்ந்துள்ளனர் என்பதற்கு ஒரு தனி எண் உண்டு. என் கோப்பில் இல்லாமல் போன எண் அதுதான்.

டேனியல் ஸ்ட்ரூக் என்பவரோடு சேர்ந்து வரதன் செய்த மற்றொரு பணியும் சமமான புகழ் கொண்டது. நீரில் மிதக்கும் மகரந்தத் துகளைப் போல ஒழுங்கின்றி நகர்வனவற்றை விவரிக்க, நேர்மையான சூதாட்டத்தைக் குறிக்கும் 'மார்ட்டிங்கேல்' என்ற கருத்தை இவ்விருவரும் 1969இல் புதிய முறையில் கையாண்டனர். 1979இல் அது நூலாயிற்று. பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தை ஆராய்வோர் இன்று கையில் வைத்திருக்கும் கருவிகளுள் அதுவும் ஒன்று. இதற்குமேல் விளக்க எனக்குத் தகுதி இல்லை.

2007இல் நார்வே நாட்டின் ஏபெல் பரிசு வரதனுக்கு அறிவிக்கப்பட்டது. கணிதத்துக்கு நோபல் பரிசு இல்லை. அக்குறையைப் போக்க, கணிதவியலாளர் நீல்ஸ் ஹென்ரிக் ஏபெலின் இருநூறாம் பிறந்த ஆண்டான 2002இல் நார்வே அரசு நிறுவியது இப்பரிசு. இந்தியாவில் பிறந்த ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பரிசுத் தொகை 60 இலட்சம் நார்வே குரோனர். பெருவிலகல் குறித்து ஒருங்கிணைந்த கோட்பாட்டைப் படைத்தமை பரிசுக்கான காரணங்களுள் சிறப்பாகச் சுட்டப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் ஆஸ்லோ நகரில் மன்னர் ஹரால்டின் கையால் அதைப் பெற்றார். அடுத்த ஆண்டு பத்மபூஷண் வந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் பின்னர் வந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு நாள் உண்டு. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் இயங்கிய நிதி நிறுவனம் ஒன்றில் வரதனின் மூத்த மகன் பணியாற்றிவந்தார். அன்று அந்த ஒரு நிறுவனம் மட்டும் 658 பேரை இழந்தது; அவர்களுள் அவரும் ஒருவர். கூரண்ட் நிறுவனத்திலிருந்து அக்கோபுரங்கள் இருந்த இடம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அரிய நிகழ்வுகளின் கணிதத்தோடு இந்த இழப்பை இணைத்து எழுதிவிடலாம் என்ற எண்ணம் எழுதுபவனுக்கு எழும், எனக்கும் எழுந்தது. ஒரு தந்தையின் துயரத்தை எடுத்துக்காட்டாக்குவது முறையன்று என்பதால் அதைச் செய்யவில்லை. அதன்பின்னும் அவர் வகுப்பெடுத்தார், மாணவர்களுக்கு நெறிகாட்டினார், ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

இரயில்வே ஊழியருக்கு நான் தர வேண்டிய விடை பாக்கி இருந்தது. அடுத்த முறை ஆயுள் சான்று கொடுக்க வந்தபோது சொன்னேன்: ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் தத்தம் தேவைக்காக ஒரே நாளில் வந்து நிற்பது, நாணயம் ஆயிரம் முறையும் தலையாகவே விழுவதைப் போன்றது. அதற்கு வங்கி அஞ்சுவதில்லை. அவர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் கிளப்பும் ஒற்றைக் காரணம், ஒரு வதந்தி போன்றது, அதுவே அஞ்சத்தக்கது. ஆதலால்தான் ரொக்க இருப்பு விகிதம், நீர்மை விதிகள், வைப்புக் காப்பீடு எல்லாம் இருக்கின்றன. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அரிதுன்னு ஒத்துக்கிறீங்க" என்றார். ஒப்புக்கொண்டேன்.

2023ஆம் ஆண்டு நம் அரசு வரதனுக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. அதே ஆண்டு, கல்கத்தாவில் அவருக்கு நெறியாளராக இருந்த சி. ஆர். ராவுக்கு, 102 வயதில், பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு கிடைத்தது. கரும்பலகை நால்வருள் ஒருவரான கே. ஆர். பார்த்தசாரதி அவ்வாண்டு சூன் மாதத்திலும், ராவ் ஆகஸ்டு மாதத்திலும் காலமாயினர்.